வயிற்றின் ஆழமும் வாசிப்பவனின் செவியும்

எங்கள் பாடசாலையில் இரண்டு கிற்றார்கள் இருக்கின்றன. இரண்டுமே பழையவை; கண்டி நகரில் வாழும் அன்பர்கள் அன்பளிப்பாகத் தந்தவை. ஒன்றின் பெட்டி தடித்தது, மற்றதன் பெட்டி மெலிந்தது. தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு பாடலைப் பழக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தடித்த பெட்டியை மடியில் வைத்திருந்த மாணவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "சேர், இதுல எனக்கு ஒழுங்காக் கேக்குதில்ல. ஒரே கும்முண்டு ஈக்கிது" என்றான். அவனுக்கு எதிரே வாங்கில் அமர்ந்திருந்த மற்றவனோ, "இல்ல சேர், இதுதான் நல்லாக் கேக்குது" என்று அடித்துச் சொன்னான்.

இருவரையும் இடம் மாறி அமரச் செய்தேன். வாசித்தவன் எதிரே போனான். எதிரே இருந்தவன் வாசித்தான். சற்று நேரத்தில் இருவரும் தத்தம் கட்சியையும் மாற்றிக்கொண்டார்கள். தடித்த பெட்டியை ஏற்கெனவே குறை சொன்னவன் இப்போது அதைப் புகழ்ந்தான். புகழ்ந்தவன் குறை சொன்னான். பொய் சொன்னவர் ஒருவருமில்லை. ஒரே வாத்தியம் அணைத்திருப்பவனுக்கு ஒன்றாகவும் எதிரே இருப்பவனுக்கு இன்னொன்றாகவும் பேசுகிறது என்பதே உண்மை.

இது ஏன் என்று தேடப் புகுந்தபோது, விடை பௌதிகப் பாடத்தோடு முடிந்துவிடவில்லை. அது பக்தாதுக்கும் பஸராவுக்கும் குர்துபாவுக்கும் என்னை அழைத்துச் சென்று, கடைசியில் கண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டது. நமது சமூகம் கிற்றாரை 'வெள்ளைக்காரன் சாமான்' என்று சொல்லிப் பழகியிருக்கிறது. அதன் பெட்டிக்கு எவ்வளவு ஆழம் இருக்கவேண்டும் என்ற கேள்வியை எழுதி வைத்தவர்களுள் முந்தியவர்கள் யார் என்பதை அறிந்தால் அப்படிச் சொல்ல நா எழாது.

குடமும் பெட்டியும்

முதலில் பெட்டியின் இயல்பைப் பார்த்துவிடுவோம். குழாயடியில் குடத்துக்குத் தண்ணீர் பிடிக்கும்போது நீர் ஏற ஏற அதன் ஒலியும் உயர்ந்துகொண்டே போகும். குடத்தைக் கண்ணால் பாராமலே 'நிறையப் போகிறது' என்று நம் தாய்மார் அறிந்து குழாயை மூடுவது அந்த ஒலியைக் கொண்டுதான். குடத்துக்குள் காற்றுக்கான இடம் குறையக் குறைய ஒலி மேலேறும். இடம் கூடக் கூட ஒலி கீழிறங்கும்.

கிற்றாரின் பெட்டியும் வாய் திறந்த ஒரு குடமே. நடுவிலுள்ள துவாரம் அதன் வாய். தந்தியை மீட்டும்போது மேற்பலகை அதிர்கிறது. அதனோடு உள்ளே அடைபட்ட காற்றும் அத்துவாரத்தின் வழியே வெளியே போவதும் உள்ளே வருவதுமாக அசைகிறது. அந்தக் காற்றறைக்குத் தனக்கென ஒரு சுருதி உண்டு. இவ்வகைக் காற்றறைகளை விரிவாக ஆராய்ந்து 1863இல் நூலாக வெளியிட்டவர் ஜேர்மனிய விஞ்ஞானியான ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆவார். சாதாரண அளவுடைய கிற்றாரில் இந்தச் சுருதி செக்கனுக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகளை ஒட்டி அமைகிறது. வெறுமனே மீட்டப்படும் ஆறாம் தந்தி 82 அதிர்வுகளையும் ஐந்தாம் தந்தி 110 அதிர்வுகளையும் தருபவை. ஆகவே, காற்றறை கைகொடுப்பது தடித்த தந்திகளின் கனத்த சுரங்களுக்கே.

பெட்டியை ஆழமாக்கினால் காற்று கூடும், சுருதி இறங்கும். மற்றவை எல்லாம் மாறாதிருக்க உள்ளிருக்கும் காற்றை மட்டும் இரட்டிப்பாக்கினால், சுருதி முன்பிருந்ததில் ஏறத்தாழ 71 சதவீதத்துக்கு வந்துவிடும் என்கிறது கணக்கு. இது அரை ஸ்தாயிக்குச் சமமானது. ஆழத்தைப் பத்திலொரு பங்கு கூட்டினால் ஓர் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவான இறக்கம் கிடைக்கும். இது விறைப்பான சுவருள்ள குடத்துக்குரிய கணக்கு. கிற்றாரின் பலகைகள் தாமும் அசைபவை என்பதால் நடைமுறையில் இறக்கம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் திசை அதுதான்: ஆழம் கூடினால் அடிக்குரல் கூடும்.

கிந்தியின் விரற்கணக்கு

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்தவர் யஅகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி. 'அரபுகளின் தத்துவஞானி' என்று பெயர் பெற்ற இவர் கணிதம், மருத்துவம், ஒளியியல் ஆகியவற்றோடு இசை பற்றியும் எழுதினார். அவர் எழுதியவற்றுள் ஊத் என்னும் வாத்தியத்தின் அளவுகளும் உள்ளன. நீளம் 36 விரல், அதாவது மூன்று சாண். அகலம் 15 விரல். ஆழம் ஏழரை விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்பது நம் தமிழ்த் தச்சர்களின் கணக்குமாகும். ஆகவே, கிந்தியின் ஊத்தை நம்மூர்த் தச்சர் ஒருவர் எந்த அளவுகோலும் இல்லாமல் தம் கையாலேயே அளந்துகொள்ளலாம்.

அந்த ஏழரை விரலைக் கவனிக்க வேண்டும். ஆழம் அகலத்தில் சரிபாதி. இது தற்செயல் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய 'இக்வானுஸ் ஸபா' எனும் அறிஞர் குழுவினர் எழுதிய ஐம்பத்திரண்டு நிருபங்களுள் ஐந்தாவது இசை பற்றியது. அவர்களும் ஊத்தின் நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காகவும் ஆழம் அகலத்தில் பாதியாகவும் கழுத்து நீளத்தில் காற்பங்காகவும் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். கிந்திக்கும் அவர்களுக்கும் இடையில் பல பத்தாண்டுகள் உண்டு. இரு வேறு நகரங்கள் உண்டு. ஆயினும் ஆழத்தின் விகிதத்தில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். வாத்தியத்தின் வயிறு தச்சனின் மனம்போன போக்குக்கு விடப்படாமல் எண்ணிக் கணக்கிட்டு வைக்கப்பட்ட ஒன்றாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

950இல் திமிஷ்கில் காலமான அபூ நஸ்ர் அல்-ஃபாராபியின் 'கிதாபுல் மூஸீகா அல்-கபீர்' இத்துறையின் பெருநூல். அவர் ஏட்டறிவோடு நின்றவரல்லர். தாமே வாசிக்கத் தெரிந்தவர். விரல் எந்த இடத்தில் அழுத்தினால் என்ன சுரம் பிறக்கும் என்பதை ஊத்தின் கழுத்தை வைத்தே அவர் விளக்கினார்.

ஸிர்யாப் பற்றிய கதையும் இங்கு பொருந்தும். பக்தாதின் பேர்பெற்ற இசைஞர் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலியின் மாணவரான இவர் 822இல் அந்தலூசியாவின் குர்துபாவுக்கு வந்து சேர்ந்தார். கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதின் முன்னிலையில் ஆசிரியரின் ஊத்தை வாசிக்குமாறு கேட்கப்பட்டபோது அவர் மறுத்தாராம். தமது ஊத் அளவிலும் மரத்திலும் ஆசிரியரின் ஊத்தைப் போன்றதே என்றாலும் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது என்றும், அதிலேதான் தம் வாசிப்பு சிறக்கும் என்றும் அவர் சொன்னதாகப் பிற்கால நூல்கள் கூறும். கதையில் கூட்டல் குறைத்தல் இருக்கலாம். எனினும், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெட்டிகள் வாசிப்பவனுக்கு வெவ்வேறானவை என்ற அறிவு அக்கதைக்குள் இருக்கிறது. எங்கள் பாடசாலை மாணவன் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

கிரனடாவிலிருந்து கன்னொறுவைக்கு

'அல்-ஊத்' என்ற சொல்லே ஐரோப்பாவில் 'லூட்' ஆயிற்று. கிற்றார் என்ற சொல் கிரேக்கத்தின் 'கிதாரா'வில் தொடங்கி அரபியின் 'கீதாரா' வழியாக ஸ்பானியாவின் 'குயிதார்ரா' ஆனது என்பர். பதினான்காம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரூயிஸ் தம் நூலில் 'மூர்களின் குயிதார்ரா' என்றும் 'லத்தீன் குயிதார்ரா' என்றும் இரண்டைக் குறிப்பிடுகிறார். கிற்றாரை ஊத்தின் நேர்ப் பிள்ளை என்று சொல்வது மிகையாகும். இரண்டும் ஒரே முற்றத்தில் வளர்ந்த சகோதரர் பிள்ளைகள் என்பதே பொருத்தம். ஊத் தன் உருண்ட வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டது. ஸ்பானியாவில் பதினாறாம் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்ற விஹுவேலாவும் கிற்றாரும் இடை ஒடுங்கி, ஆழம் குறைந்தன. இன்று நைலோன் தந்தி பூட்டிய கிற்றாரின் அகன்ற பகுதி ஏறத்தாழ 36 அல்லது 37 சென்ரிமீற்றர். ஆழம் 10 சென்ரிமீற்றர் அளவில். கிந்தியின் 'பாதி' இங்கே காற்பங்கை ஒட்டி இறங்கிவிட்டது.

இதற்கிடையில் வரலாறு வேறொரு காரியத்தைச் செய்தது. 1492இல் கிரனடா வீழ்ந்தது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளில், 1505இல், அதே ஐபீரியத் தீபகற்பத்தின் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கினர். அவர்களோடு அவர்களது நரம்பு வாத்தியங்களும் வந்தன. கபிரிஞ்ஞாவும் பைலாவும் அந்த வருகையின் மிச்சங்கள். சிங்களத்தில் வயலினைக் குறிக்கும் 'ரவிகிஞ்ஞ' என்ற சொல் போர்த்துக்கேயரின் 'ரபெக்கா'விலிருந்து வந்தது. ரபெக்காவோ அரபியரின் 'ரபாப்' என்ற வாத்தியப் பெயரிலிருந்து பிறந்தது. முஸ்லிம்களின் வாத்தியப் பெயர் ஒன்று, முஸ்லிம்களைத் துரத்தியவர்களின் கப்பலிலேறி, முஸ்லிம்கள் வாழ்ந்த இன்னொரு நாட்டுக்கு வந்து இறங்கியிருக்கிறது.

துரத்தல் இங்கும் தொடர்ந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அடைக்கலம் தந்தவன் கண்டி மன்னன் செனரத். ஏறத்தாழ 4000 பேரை அவன் மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. கண்டி இராச்சியத்தின் பிற பகுதிகளிலும் நம் முன்னோர் நிலைகொண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1638இல், இரண்டாம் இராஜசிங்கன் பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்தான். கண்டி மன்னரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தோர் மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் இன்றும் வாழ்கின்றனர் என்பது மரபு. துரத்தப்பட்டவருக்கும் துரத்தியவரின் சந்ததிக்கும் ஒரே மலைநாடு இடம் கொடுத்தது.

இந்த வரலாற்றை அறிந்தபின் கிற்றாரைப் பார்க்கும்போது எனக்கு வெறுப்பு வரவில்லை, வெட்கமே வந்தது. நாம் பெயரையும் மறந்தோம், அளவையும் மறந்தோம். அரபிசை வரலாற்றைத் தேடுபவர் இன்றும் திருப்பிப் பார்க்கும் நூல் பிரித்தானிய அறிஞரான ஹென்றி ஜோர்ஜ் ஃபார்மர் 1929இல் வெளியிட்டது. எதிரே இருந்தவருக்குக் கேட்டது அணைத்திருந்தவருக்குக் கேட்கவில்லை.

ஆழம் யாருக்காக?

கிற்றாரின் பெட்டி மீண்டும் ஆழமாகத் தொடங்கிய கதைக்கு வருவோம். இன்றைய கிற்றாரின் உருவத்தை நிலைப்படுத்தியவர் ஸ்பானியாவின் அன்ரோனியோ டி தொர்ரெஸ் (1817–1892). பெட்டியை விசாலமாக்கியவர் இவர். ஆனால், ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் இருக்கிறது என்பது இவரது நம்பிக்கை. அதை நிறுவுவதற்காக 1862இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிற்றாரைச் செய்தார். அது பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆழம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று எண்ணுபவருக்கு அந்த அட்டைக் கிற்றார் ஓர் எச்சரிக்கை. பலகையின் தடிப்பு, அதன் உட்புறத்தில் ஒட்டப்படும் மரச்சட்டங்கள், துவாரத்தின் அகலம் ஆகிய யாவும் சேர்ந்தே ஒலியை ஆக்குகின்றன.

அமெரிக்காவில் 1916இல் மார்ட்டின் நிறுவனம் பொஸ்ரனிலிருந்த டிற்சன் நிறுவனத்துக்காகப் பெரியதொரு பெட்டியைச் செய்தது. 1906இல் நீரிலிறக்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரால் அது 'ட்ரெட்நோட்' எனப்பட்டது. 1931 முதல் மார்ட்டின் தன் சொந்தப் பெயரிலேயே அதை விற்கத் தொடங்கியது. அதன் அகலம் ஏறத்தாழ 39.7 சென்ரிமீற்றர், அடிப்பக்க ஆழம் 12.4. அதே நிறுவனத்தின் 'மூன்று பூச்சிய' வகையில் அகலம் 38.1, ஆழம் 10.5. அகலத்தில் உள்ள வித்தியாசம் இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஆழத்திலும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால், அந்தச் சிறு வித்தியாசம் அடிக்குரலில் பெரிதாகத் தெரியும். பாடகரின் குரலுக்குப் பின்னணியாக நின்று கூட்டத்துக்குக் கேட்கவேண்டும் என்பதே அந்த ஆழத்தின் நோக்கம். இன்று கடைகளில் தொங்கும் கம்பித் தந்திக் கிற்றார்களில் பெரும்பாலானவை இந்த வார்ப்பே. எங்கள் பாடசாலையின் தடித்த பெட்டியும் அந்த இனம்தான்.

1966இல் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. ஹெலிகொப்டர் தயாரிப்பாளரான சார்ள்ஸ் கேமன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், செயற்கைப் பொருளால் வார்த்த உருண்ட முதுகுடைய கிற்றாரை 'ஓவேஷன்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊத் வைத்திருந்த உருண்ட வயிறு, ஹெலிகொப்டர்த் தொழிற்சாலையின் வழியே திரும்பி வந்தது. பின்னர் அதே நிறுவனம் ஆழமான வயிறு, இடைத்தரமான வயிறு, மெல்லிய வயிறு என்று பல ஆழங்களில் அவற்றை விற்றது. மெல்லியவை அணைத்துப் பிடிக்க இலகுவானவை. ஆனால், அவற்றின் அடிக்குரல் குறைவு. மேடையில் ஒலிபெருக்கியோடு இணைத்து வாசிப்பவருக்கு அக்குறை பெரிதல்ல.

இனி, எங்கள் மாணவனின் முறைப்பாட்டுக்கு விடை சொல்லலாம். செக்கனுக்கு 100 அதிர்வுள்ள கனத்த ஒலியின் அலை மூன்று மீற்றருக்கும் அதிக நீளமானது. நாற்பது சென்ரிமீற்றர்ப் பெட்டி அதற்கு ஒரு தடையே அல்ல. பெட்டியைச் சுற்றி வளைந்து வாசிப்பவனின் காதுக்கும் அது வந்துவிடும். 3000 அதிர்வுள்ள நுண்ணொலியின் அலையோ பதினொரு சென்ரிமீற்றர் அளவிலானது. அது வளையாது, மேற்பலகை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைக்கே போகும். மேற்பலகை பார்ப்பது எதிரே இருப்பவனை. விரல் தந்தியைத் தொடும் கூர்மை, சொல்லுக்குச் சொல் பிரிந்து கேட்கும் தெளிவு ஆகியவை அந்த நுண்ணொலியில்தான் இருக்கின்றன.

ஆழமான பெட்டி இந்த வேறுபாட்டைக் கூட்டுகிறது. ஒன்று, அது கனத்த ஒலியை மிகுவிக்கிறது. அது வாசிப்பவனைச் சுற்றி வந்து சூழ்கிறது. இரண்டு, மேற்பலகை அவன் முகத்தைவிட்டு இன்னும் முன்னுக்குத் தள்ளிப்போகிறது. மூன்று, முதுகுப்பலகை அவன் வயிற்றிலும் நெஞ்சிலும் அழுந்தி அதிர்வதால், காதால் கேட்பதோடு உடம்பாலும் கேட்கிறான். ஆகவே, அவனுக்குக் 'கும்' என்ற நிறைவு கிடைக்கிறது, தெளிவு கிடைப்பதில்லை. எதிரே இருப்பவனுக்கு இரண்டும் கிடைக்கின்றன. மெல்லிய பெட்டியில் 'கும்' குறைவதால் இருக்கின்ற தெளிவு வாசிப்பவனுக்கு மறையாமல் தெரிகிறது. ஆனால், தூரத்திலிருப்பவனுக்கு அது மெலிந்த ஒலியாகவே போய்ச் சேரும்.

இக்குறையைப் போக்கச் சில கைவினைஞர்கள் பெட்டியின் மேற்பக்கத்தில், வாசிப்பவனின் முகத்துக்கு நேராக, இரண்டாவது துவாரம் ஒன்றை இடுகிறார்கள். அதனால் அவனுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. ஆனால், அப்போது காற்றறையின் சுருதி சற்று ஏறிவிடும். ஏனெனில், குடத்துக்கு இன்னொரு வாய் திறக்கப்பட்டுவிடுகிறது.

நம் ஊர்த் தோற்கருவிகள்

இந்த நியாயம் கிற்றாருக்கு மட்டுமுரியதல்ல. கண்டியில் வாழும் நமக்கு இதைக் கண்ணால் காட்டித்தரும் கருவிகள் உண்டு. எசல பெரஹராவில் முழங்கும் கெட்டபெர, நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய மர உடல் கொண்டது. பலா, வேம்பு, கொன்றை முதலிய மரங்களில் அதைக் குடைவார்கள். ஒரு முகத்துக்கு மாட்டுத் தோலும் மற்றதற்குக் குரங்கு அல்லது ஆட்டுத் தோலும் கட்டுவது மரபு. இடுப்பில் கட்டி வாசிக்கும்போது அதன் இரு முகங்களும் இடமும் வலமுமாகத் தெருவின் இரு மருங்கிலும் நிற்கும் மக்களைப் பார்க்கின்றன. வாசிப்பவனின் முகத்தைப் பார்ப்பது மரத்தின் முதுகுதான். தம்மெட்டம என்ற இரட்டை முரசோ வாய் மேல் நோக்கியது. அதன் தோல் வாசிப்பவனையே பார்க்கிறது.

நமது றபான் இவற்றுக்கு நேர்மாறானது. மலாயரின் 'ரெபானா'விலிருந்து வந்த பெயர் இது என்பர். ஆழமில்லாத வளையம், ஒரே தோல், பின்புறம் வெறுமை. அடைபட்ட காற்று இல்லை. ஆகவே, பெட்டியின் கும்மல் இல்லை. தோல் முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னும் பின்னும் பிறக்கும் கனத்த ஒலிகள் விளிம்பின் திசையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எனவே, நேர் எதிரே நிற்பவருக்கு முழங்கும் றபான் பக்கவாட்டில் நிற்பவருக்கு மெலிந்து கேட்கும். வளையத்தின் ஆழத்தைக் கூட்டினால் இக்குறை குறைந்து அடிக்குரல் கூடும்.

நோன்பு காலத்தில் சஹர் வேளையில் றபான் அடித்துப் பைத் பாடி ஊரை எழுப்பிய பக்கீர் பாவாமாரை என் வயதினர் அறிவர். ரிஃபாஇய்யா தரீக்காவைச் சார்ந்த அவர்கள் தோலை வெளியே திருப்பி, வெறும் புறத்தைத் தம் பக்கம் வைத்துப் பிடிப்பார்கள். தூங்கும் வீட்டுக்குக் கேட்கவேண்டிய ஒலி அது. இன்று எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்தச் சத்தம் அரிதாகிவிட்டது. கைத்தொலைபேசியின் மணி அந்த வேலையைச் செய்கிறது. றபானின் வளையம் எத்தனை விரல் ஆழமாக இருக்கவேண்டும், எந்தத் தோல், எவ்வளவு காய்ச்சவேண்டும் என்று அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கிந்தி ஊத்துக்கு எழுதி வைத்ததுபோல் றபானுக்கு எழுதி வைப்பவர் யார்?

தீர்ப்பும் அறிவும்

இதை எழுதும்போது ஒரு கேள்வி எழும் என்பதை அறிவேன்: 'மாஸ்டர், இதெல்லாம் நமக்குத் தேவையா?' நரம்பு வாத்தியங்கள் பற்றிய மார்க்கத் தீர்ப்பில் நமது இமாம்கள் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இசை கேட்பது பற்றித் தனி அத்தியாயமே எழுதியவர்கள்; குரலையும் துஃப் போன்ற கருவிகளையும் அனுமதித்த அவர்கள், மதுக்கூடங்களோடு சேர்ந்திருந்த நரம்பு வாத்தியங்களை விலக்கினார்கள். குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்களோ தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸ்கள் பலமானவையல்ல என்று வாதிட்டார்கள். நான் ஒரு கிராமப் பாடசாலை ஆசிரியன். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. வாசிக்க விரும்பாத மாணவனை நான் வற்புறுத்தியதுமில்லை. பிள்ளையை அனுப்ப விரும்பாத பெற்றோருடன் வாதாடியதுமில்லை.

ஆனால், வாசிப்பது வேறு, அறிவது வேறு. வாத்தியத்தைக் கையால் தொடமாட்டேன் என்பவருக்கும் கிந்தியின் ஏழரை விரல் சொந்தம்தான். அது கணிதம், அது பௌதிகம், அது தச்சுத்தொழில். இலங்கையின் சிங்களத் திரையிசையிலும் பக்திப் பாடல்களிலும் மொஹிதீன் பேக் (1919–1991) என்ற முஸ்லிம் குரல் ஒலித்ததைச் சிங்கள மக்கள் நன்றியோடு நினைக்கிறார்கள். நம் வீடுகளில் அந்தப் பெயரை அறியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். நமது வரலாறு எதிரே இருப்பவருக்கு நன்றாகக் கேட்டும் நமக்கே கேட்காமல் போகுமானால், தெருவில் யாரேனும் 'உங்களுக்கு இந்த நாட்டின் கலையோடு என்ன சம்பந்தம்?' என்று கேட்கும் நாளில் நம் பிள்ளைகளிடம் பதில் இராது. அந்தக் கேள்வி அண்மைய ஆண்டுகளில் நம்மிடம் கேட்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டி மாவட்டத்தவருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

தடித்த பெட்டியைக் குறை சொன்ன மாணவனை அடுத்த நாள் வகுப்பறைச் சுவரைப் பார்த்து, ஒரு முழத் தூரத்தில் அமர்ந்து வாசிக்கச் சொன்னேன். எதிரே போகும் நுண்ணொலி சுவரில் பட்டு அவனிடமே திரும்பி வந்தது. சில கணங்கள் வாசித்துவிட்டு, "சேர், இப்ப கேக்குது" என்றான். பிறகு கரும்பலகையில் மூன்று எண்களை எழுதினேன்: 36, 15, ஏழரை. இவை யாருடைய அளவு, எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று சொன்னேன். மாணவர்கள் தம் கைகளை விரித்து மேசையின் மீது விரல் விரலாக அளந்து பார்த்தார்கள். மணி அடித்த பிறகும் இருவர் அளந்துகொண்டேயிருந்தார்கள்.